டயர் சாமிக்கு நாற்பது கேள்விகள்

உங்கள் ஜீப்பின் இடதுபக்கப் பின் டயரில் காற்று குறைவாக இருக்கிறது, ஐயா. ஏறும்போதே கவனித்தேன். முப்பத்து மூன்று இருக்கவேண்டிய இடத்தில் இருபத்தாறுதான் இருக்கும். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். தரையைத் தொடுகிற இடத்தில் டயரின் விலா, அதாவது பக்கச் சுவர், கொஞ்சம் பிதுங்கும், பந்தியில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவரின் வயிறு மாதிரி. நாளைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே காற்று பிடித்துவிடுங்கள். ஓடிய பிறகு பிடித்தால் சூட்டில் காற்று விரிந்து அளவு கூடுதலாகக் காட்டும். இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதலிலிருந்து என்றால் ரப்பர் மரத்தில்தான் தொடங்கவேண்டும். எழுதிக்கொள்கிறவருடைய முகத்தைப் பார்த்தால் வியாழக்கிழமையிலிருந்து போதும் என்று தோன்றுகிறது. அப்படியே செய்கிறேன்.

என் பெயர் மூர்த்தி, வயது ஐம்பத்தொன்று. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால் டயர் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே டயர் அடுக்கும் அறை. அந்த அறைக்குப் பாதையைப் பார்த்தபடி கம்பி போட்ட ஜன்னல் ஒன்று உண்டு. இருபத்திரண்டு வருடமாக, வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்த டயர் நல்லது. நான் வாயைத் திறந்ததும் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். என் மனைவி ஒருமுறை, டயரின் விலாவில் ஏன் கொப்பளம் வருகிறது என்று அவளாகவே கேட்டாள். இரண்டாவது மணி நேரத்தில், அம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன், முடிந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்று கிளம்பினாள். ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் முடியவில்லை, அதனால் சொல்லி அனுப்பவில்லை.

ராமகிருஷ்ணன் வந்தது வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஒல்லியான ஆள், இது பின்னால் முக்கியமாகும். சென்னையில் யாரோ ஓட்டிக் கழித்த வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வேலூரில் அவருடைய ஒரே மகள் தென்றலுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா அந்தக் காரில் போய் இறங்கவேண்டும் என்பது அவர் ஆசை. நான்கு டயரும் தேய்ந்து வழவழவென்று இருந்தன. புது டயர் மாட்டியதும் பூஜை போடுவதற்காக நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு தேங்காயும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"ரன்-ஃப்ளாட்டா, சாதாவா, எதப் போடலாம்னு நீங்களே சொல்லுங்கண்ணே" என்றார்.

அவரால் முடிவெடுக்க முடியவில்லை. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

விஷயம் மிகவும் எளிமையானது, ஐயா. சாதா டயரில் வண்டியைத் தாங்குவது ரப்பர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, உள்ளே இருக்கும் காற்றுதான் தாங்குகிறது. ரப்பர் அந்தக் காற்றைப் பிடித்துவைக்கும் பை, அவ்வளவுதான். காற்று போனால் பை மடங்கிவிடும், வண்டி ரிம்மில் உட்கார்ந்துவிடும். ரன்-ஃப்ளாட் டயரில் விலா மிகத் தடிமன். காற்று மொத்தமாகப் போனாலும் அந்த விலாவே வண்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் தூரம் போகலாம். வேலூர் எண்பதுக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கொஞ்சத்தில் என்ன செய்வீர்கள் என்பது அவருக்காக நான் தயார் செய்த பதினோராவது கேள்வி.

அவர் கொண்டுவந்த தேங்காயையே எடுத்துக் கண்ணில் துளை போட்டுத் தண்ணீரை வடித்துக் காட்டினேன். தண்ணீர் போனாலும் ஓடு அப்படியே நின்றது. ரன்-ஃப்ளாட் என்றேன். ஒரு எலுமிச்சையைப் பிழிந்தேன். தோல் தொய்ந்துவிட்டது. சாதா என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிழிந்ததை ஜூஸாக்கி அவருக்கே கொடுத்தேன். அன்பில்லாமல் நடத்தினேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

அன்றைக்குப் பௌர்ணமி என்பது உங்களுக்கே தெரியும். மதியம் பாதையில் தடுப்பு வைத்தது உங்கள் துறைதான். அதற்குள் நான் அவருடைய காரைச் செங்கல்லின் மேல் ஏற்றி நான்கு சக்கரத்தையும் கழற்றியிருந்தேன். ஒரு டயரை ரம்பத்தால் குறுக்கே அறுத்தும் வைத்திருந்தேன், உள்ளமைப்பைக் காட்டுவதற்கு. மறுநாள் வரைக்கும் எந்த வண்டியும் நகர முடியாது. ஆகவே முதல் நாளைப் பொறுத்தவரை பொறுப்பை நாம் பகிர்ந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அவர் கூட்டத்தோடு நடந்து போய் எங்காவது ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன் என்றார். மாடியில் புது ரன்-ஃப்ளாட் இருக்கிறது, ஒருதடவை தடவிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். வந்தார். நான் கீழே போய் அறுத்த துண்டை எடுத்துவரக் கிளம்பினேன். பௌர்ணமியன்று மாடிக் கதவை வெளியிலிருந்து பூட்டுவது என் வழக்கம், இல்லையென்றால் கிரிவலம் வருகிறவர்கள் கழிவறை தேடி மேலே ஏறிவிடுவார்கள். பூட்டினேன். வழக்கத்தைக் குற்றம் என்று எழுத முடியுமா என்று நீங்கள்தான் பார்க்கவேண்டும். திரும்பி வந்தபோது கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கதவை இவ்வளவு கவனமாகத் தட்டுகிறவர் டயரையும் கவனிப்பார் என்று நினைத்தேன்.

அவருடைய போனைக் கீழே சார்ஜில் போட்டேன். அது கையில் இருந்தால் பாடத்தில் மனம் நிற்காது. அந்த போனுக்கு ரகசிய எண் கிடையாது, வைத்தால் மறந்துவிடுவாராம். சாயங்காலம் அவருடைய மனைவி ரேணுகாம்பாள், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். டயர் கடையில், இன்னும் முடிவாகவில்லை என்று பதில் அனுப்பினேன். அந்த அம்மா கவலைப்படவில்லை. ஒரு மிக்ஸி வாங்க இந்த மனுஷனுக்கு மூன்று மாதம் ஆனது, டயருக்கு எத்தனை மாதமோ என்று எழுதி, ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்.

அன்று மாலை பாதை முழுக்க ஜனம். ராமகிருஷ்ணன் ஜன்னலில் நின்று கத்தினார். அரோகரா சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அதனால் கையில் கிடைத்ததை எடுத்து வீச ஆரம்பித்தார். அந்த அறையில் கையில் கிடைப்பது வால்வு மூடிதான். ஒரு மூடி, எதிரில் லெமன் டீ விற்கிற வெள்ளையம்மாளின் தலையில் விழுந்தது. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். கம்பிக்குப் பின்னால் சட்டையெல்லாம் கரி, தலை கலைந்து, கண் சிவந்து ஒரு ஆள். திட்டவும் செய்கிறார். மூடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்துவைத்தார்.

நம் ஊரில் சாமியார் திட்டினால் நல்லது, எதையாவது விட்டெறிந்தால் இன்னும் விசேஷம் என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஜன்னலுக்குக் கீழே முப்பது பேர் நின்றார்கள். வெள்ளையம்மாள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம் மேலதான் மொத மூடி வுழுந்துச்சு. முட்டி வலி இன்னிக்கு எழுந்தா காணோம். நல்லா அசிங்கமா திட்டுச்சு சாமி. நேத்து வந்த ஐதராபாத்துக்காரங்களுக்கு ஒரு வார்த்த கூட வுழல, பாவம்."

பாடம் நடத்த முடியவில்லை, ஐயா. நான் விலாவின் அமைப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் ஓடி ஓடி ஜன்னலுக்குப் போனார். போலீஸைக் கூப்பிடுங்கள் என்று கத்தினார். கீழே இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் எலுமிச்சை மாலையைக் கம்பில் கட்டி நீட்டினார். இந்த அமளியில் எந்த மனிதன் டயரைப் புரிந்துகொள்வான்?

அதனால்தான் டயர்களை மாட்டினேன். வண்டியில் அல்ல, அவர் மேல்.

இதையும் விளக்கிவிடுகிறேன், எழுதும்போது தப்பாகிவிடக் கூடாது. அவருடைய வண்டி அளவு டயரின் நடு ஓட்டை பதினேழு அங்குலம். அவருடைய உடம்புக்கு நான்கு விரல் இடைவெளி வரும். இரும்பு ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணை மூடிக் கைகளைத் தொங்கவிடுங்கள், டயரின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று உடம்பாலேயே தெரிந்துகொள்ளலாம் என்றேன். முதல் டயர் இறங்கியதும் கைகள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். டயரின் விளிம்பில் எஃகுக் கம்பிகள் வளையமாக ஓடுகின்றன. எவ்வளவு திமிறினாலும் விரியாது. விரிந்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடுமே. ஐந்து டயர் அடுக்கினால் தோள் வரைக்கும் வரும், தலை மட்டும் வெளியே தெரியும். அன்றைக்கு அவர் முதல்முறையாகக் கவனித்தார். வேறு பக்கம் பார்க்க முடியவில்லை.

இயற்கை உபாதைக்கு நாளுக்கு மூன்று தடவை ஐந்து டயரையும் எடுத்து, திரும்ப அடுக்கினேன். என்னுடைய முதுகைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆனால் கீழேயிருந்து ஜன்னல் வழியே பார்த்தவர்களுக்கு, டயர் குவியலுக்கு நடுவில் தலை மட்டும் தெரிகிற ஒரு உருவம். டயர் சாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் கடை வாசலில் கற்பூரம் எரிந்தது. ரப்பர் கடைக்கு முன்னால் கற்பூரம் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும் என்று பலமுறை சொன்னேன். அதையும் யாரும் கேட்கவில்லை.

பக்கத்துக் கொட்டகையில் வீல் அலைன்மென்ட் பார்க்கிற அஸ்பாக் பாய் மட்டும் சந்தேகமாக வந்து நின்றார்.

"இன்னாண்ணே, மேல ஆளு கத்தற மாதிரி கீது?"

"படிக்கிறாரு பாய்."

"இன்னாத்த?"

"டயரப் பத்தி."

"நீ சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். "அப்ப கத்ததான் செய்வான்."

போய்விட்டார். அவருக்கு நான் போன ரம்ஜானுக்கு முன்னால் வால்வைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவர் மேல் வழக்கு எதுவும் போடாதீர்கள். அனுபவத்தில் சொன்னார்.

மொத்தம் நாற்பது கேள்விகள் தயார் செய்திருந்தேன். காற்று குறைந்தால் டயர் ஏன் சூடாகிறது? ரன்-ஃப்ளாட்டில் காற்று போனது ஓட்டுகிறவருக்கு ஏன் தெரியாது, அதற்காக வண்டியில் என்ன கருவி வைத்திருக்கிறார்கள்? அந்த மாதிரி. வெள்ளிக்கிழமை மாலை பதினேழு சரியாகச் சொன்னார். சனிக்கிழமை காலை முப்பத்தொன்று. இட்லி ஊட்டிக்கொண்டே கேட்டேன், முப்பத்தாறு. அழுதுகொண்டிருந்தார், ஆனால் விடைகள் சரி. காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃப்ளாட்டை ஏன் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டபோது, "வெளில பாத்தா நல்லாதாண்ணே இருக்கும், உள்ள நொறுங்கிப் போயிருக்கும்" என்றார். நானே இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

சனிக்கிழமை மாலை ரேணுகாம்பாளிடமிருந்து செய்தி வந்தது. "எங்களால இனிமே காத்திருக்க முடியாது. வேன்ல வேலூர் கிளம்பறோம். நீங்க அந்தக் காரோட நேரா வந்து சேருங்க. காலைல மணையில அவ உக்காரும்போது நீங்க பக்கத்துல இல்லன்னா அவ மூஞ்சிய நான் பாக்க முடியாது." சரி என்று பதில் போட்டேன். அதை அவரிடம் வாசித்தும் காட்டினேன். மறைத்து வைக்கிற ஆள் இல்லை நான்.

"நாளைக்கு மட்டும் வுட்டுடுங்கண்ணே" என்றார். "திங்கக்கிழம நானே வந்து உக்காந்துக்கறேன். சத்தியமா வர்றேன்."

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை என்பதை அவருக்கு நினைவூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நாற்பதும் சரியாகச் சொன்னார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை இருந்ததில்லை, ஐயா. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு டயர் மாட்ட நாற்பது நிமிடம். வழியில் எங்கும் நிற்காவிட்டால் பத்தரைக்கு வேலூர். மேலே இருந்த முதல் டயரை எடுத்துக் கீழே வைத்தேன். இரண்டாவதில் கை வைத்துக்கொண்டே, கேட்கவேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டேன். ஆகவே, உங்கள் வண்டிக்கு எது?

அவர் யோசிக்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"நீங்க எது சொல்றீங்களோ அதுண்ணே. எம்பொண்ணு உக்காந்திருப்பா."

வியாழக்கிழமை வாசலில் நின்று சொன்ன அதே வார்த்தை. மூன்று நாள் சொல்லிக்கொடுத்தது எதுவும் உள்ளே தங்கவில்லை. வால்வு இல்லாத டயருக்குக் காற்று பிடித்த மாதிரி. எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபப்படுகிறவன் இல்லை. முதல் டயரைத் திரும்ப மேலே வைத்தேன். பாடம் எழுதிய கரும்பலகையைத் துடைத்தேன். ரப்பர் மரத்திலிருந்து ஆரம்பித்தேன்.

பத்தரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் கீழே அவருடைய போன் அடித்தது. தென்றல் என்று வந்தது. பாடம் நடுவில் இருந்ததால் கதவைப் பூட்டிக்கொண்டு நானே கீழே வந்து எடுத்து, டயர் கடை என்றேன். பின்னால் நாதஸ்வரச் சத்தம் கேட்டது.

"அங்கிள், அப்பா எங்க?"

"டயருக்குள்ள இருக்காரும்மா" என்றேன்.

நாதஸ்வரச் சத்தம் தள்ளிப் போனது. எழுந்து தனியாக வந்திருக்கவேண்டும். அதற்கப்புறம் அந்தப் பெண் கேட்ட கேள்வி, ஐயா, இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

"எந்த டயர் அங்கிள்? எனக்குக் கொஞ்சம் வெளக்கமா சொல்றீங்களா?"

நிதானமான குரல். லேசாக நடுங்கியது; ஆர்வத்தில் அப்படித்தான் இருக்கும். விலாவைப் பற்றிச் சொன்னேன். விளிம்புக் கம்பியைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். எத்தனை டயர் அங்கிள்? ஒரு டயர் என்ன எடை? அப்பாவுக்கு மூச்சு விட முடியுதா? கடை எந்தப் பக்கம், ரோட்டிலிருந்து எத்தனை படி? மாடிக் கதவுக்கு எந்த மாதிரி பூட்டு? சாவி எங்கே தொங்கும், எந்தப் பக்கம் திருப்பவேண்டும்? நடுவில் ஒவ்வொரு தடவையும் யாரிடமோ திரும்பச் சொன்னாள். குறிப்பெடுக்கச் சொல்லியிருப்பாள். பூட்டின் உள்ளமைப்பையும் சொன்னேன். அந்தப் பூட்டில் சாவியை இடது பக்கம் திருப்பி, கொஞ்சம் தூக்கிவிடவேண்டும். புதிதாகத் திறக்கிறவர்களுக்கு அது தெரியாது. உங்கள் காவலர் ஒரே தடவையில் திறந்தாரே, அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

நாற்பத்தேழு நிமிடம் பேசினோம். உங்கள் ஜீப் வாசலில் நின்றபோது நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன். மணையை விட்டு எழுந்தவள் திரும்பப் போய் உட்காரவில்லை, அப்பா வராமல் நிச்சயம் கிடையாது என்று சொல்லிவிட்டாள், மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போய்விட்டார்கள் என்று வரும் வழியில் சொன்னீர்கள். கேட்கும்போது மனது நெகிழ்ந்துவிட்டது. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்காக நிச்சயதார்த்தத்தையே தள்ளிவைக்கிற பிள்ளைகளும் இந்தக் காலத்தில் இருக்கிறார்கள்.

ராமகிருஷ்ணனை வெளியே தூக்கிவந்தபோது வெள்ளையம்மாள் அவர் காலில் விழுந்து அழுதார். அவர் திட்டினார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகும்போதும் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டுப் போகிறதே என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் அவர் கழுத்தைத் திருப்பி முன் சக்கரத்தைப் பார்த்து, "காத்து கம்மி" என்று முனகினார். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். என் கண் கலங்கியதை அவர் பார்க்கவேண்டாம் என்று.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்கவேண்டும் என்றீர்கள்.

அவரால் முடிவெடுக்க முடியவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். ரேணுகாம்பாளுக்கும் அப்படித்தான் எழுதினேன். அது சரியல்ல. வியாழக்கிழமை பதினொன்று பத்துக்கே அவர் சொல்லிவிட்டார்: "சாதாவே நாலு போட்டுடுங்கண்ணே. டிக்கியில ஒரு ஸ்டெப்னி போட்டுக்கறேன்." நம் ஊர் ரோட்டுக்கும், மூலைக்கு மூலை இருக்கிற பஞ்சர் கடைக்கும் அதுதான் சரியான விடை. நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் கேட்ட அளவில் நான்கு சாதா டயர் கடையிலும் இருந்தது, மாட்டியிருந்தால் பன்னிரண்டுக்கு முன்னால், தடுப்பு வைப்பதற்கு முன்னால், கிளம்பியிருப்பார். ஆனால் ஏன் சாதா என்று கேட்டேன். "மச்சான் சொன்னாரு" என்றார். காரணம் தெரியாமல் சரியான விடை சொல்கிறவரை எப்படி வெளியே அனுப்புவது? அதற்குப் பிறகுதான் சக்கரங்களைக் கழற்றினேன். கதவைப் பூட்டியது வழக்கத்தால் அல்ல. நான்தான் பூட்டினேன், தெரிந்தேதான் பூட்டினேன், மூன்று நாளும் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் ஆணியில் மாட்டினேன், அந்தப் பெண் எங்கே தொங்கும் என்று கேட்டபோது, தப்பாகச் சொல்லக் கூடாதே என்று.

எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன்.

ராமகிருஷ்ணனின் போனை மேசை மேல் வைத்திருக்கிறீர்களே, அதைச் சத்தம் வராமல் அணைத்துவிடாதீர்கள், ஐயா. ஜீப் வந்தபோது நானும் தென்றலும் வால்வு வரைக்கும்தான் வந்திருந்தோம். ஒரு நிமிஷம் அங்கிள், மிச்சத்தைக் கேட்கத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லித்தான் வைத்தாள்.